ஓடாவிப் பட்டறையின் முதல் மெசின் லைட்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. பட்டறை வைத்திருப்பவர்கள், பட்டறைக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருப்பவர்கள், வீட்டுக் கராஜில் வாள் போட்டு வேலை செய்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் உங்களுக்குத் தெரிந்த ஓடாவி ஒருவருக்கு அனுப்பி விடுங்கள்.

நம்ம ஊரில் மஹ்ரிபுக்குப் பிறகு எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு வாள் சத்தம் கேட்கும். பகலில் கட்டட வேலை, நிலை, கதவு, கூரை என்று வெளியில் போகிறவர்கள், இரவில் வீட்டில் கட்டில், அலுமாரி, மேசை செய்கிறார்கள். பெருநாள் நெருங்கினால், கல்யாணக் காலம் வந்தால், இரவு 11 மணி வரைக்கும் அந்தச் சத்தம் ஓயாது. உழைக்கிற மக்கள். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்தச் சத்தம் வரும் இடத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வாகனம் விடக் கட்டிய கராஜ் அல்லது வீட்டோடு இறக்கிய தகரக் கொட்டில். பூசாத சீமெந்துச் சுவர். நடுவில் ஒற்றை டியூப், அதன் மேல் ஒரு விரல் தடிப்பில் மரத்தூள். அதற்குக் கீழே நிமிடத்துக்கு 2850 தடவை சுற்றும் வாள். அந்த வாளுக்குப் பக்கத்தில் ஓஎல் எழுதிவிட்டு வந்த ஒரு பொடியன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வெளிச்சம் என்பது பட்டறையின் அலங்காரம் இல்லை, அது வாளின் ஒரு பாகம். வாளுக்கு மோட்டார் எப்படியோ, பிளேட் எப்படியோ, அப்படித்தான் லைட்டும். மோட்டார் இல்லாத வாளை யாரும் வாங்க மாட்டோம். லைட் இல்லாத வாளை மட்டும் ஏன் ஓட விடுகிறோம்?

சிலர் சொல்வார்கள், "சேர், எங்கட வாப்பாமார் குப்பி விளக்கில வேலை செஞ்சவங்க. அவங்கட கை போகல்லையே?" நியாயமான கேள்வி. ஆனால் வாப்பாமார் கையில் இருந்தது கைவாளும் சீவுளியும் உளியும். கை நின்றால் சீவுளி நின்றுவிடும். மெசின் வாள் அப்படி இல்லை. சுவிட்சை நிறுத்திய பிறகும் பல செக்கன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கருவி மாறிவிட்டது, வேகம் மாறிவிட்டது, வெளிச்சம் மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது.

இன்னும் சிலர், "பழகின கைக்கு லைட் எதுக்கு?" என்பார்கள். பழகின கை பழகின மரத்தில்தான் சரியாகப் போகும். பழைய வீட்டு நிலைக் கட்டையை வாங்கி அறுக்கும்போது உள்ளே துருப்பிடித்த ஆணி இருக்கும். பலாப் பலகையில் கணு இருக்கும். அதில் வாள் பட்டால் மரம் திருப்பி அடிக்கும். ஆணியையும் கணுவையும் முதலில் காண வேண்டியது கண். கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம். அதோடு, 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேர்கிறது. பட்டறையில் அதிகம் பழகிய கை யாருடையது? மூத்த ஓடாவியுடையது. அதிக வெளிச்சம் தேவைப்படுவதும் அவருக்குத்தான்.

போன வருடம் ஓஎல் எழுதிய பிள்ளை ஒருவன் சான்றிதழ் எடுக்கப் பாடசாலைக்கு வந்தான். கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனையை நடுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் பிடித்தான். சுட்டுவிரலில் பாதி இல்லை. லைட் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த வாளில் பிளேட்டை மூடும் காவலும் இல்லை, நேரமும் இரவு, பிள்ளைக்குத் தூக்கமும் இருந்திருக்கிறது. ஆனால் இந்த நாலு காரணத்திலும் மிகக் குறைந்த செலவில், ஒரே நாளில் சரிசெய்யக் கூடியது லைட்தான். அதனால்தான் அதைப் பற்றி எழுதுகிறேன்.

இனி விசயத்துக்கு வருவோம். கடைக்குப் போனால் நாம் கேட்பது, "எத்தனை வொட்?" எல்.ஈ.டி வந்த பிறகு இந்தக் கேள்வி பிழையான கேள்வி. வொட் என்பது அந்த லைட் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்பது. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதைச் சொல்வது லுமென். பெட்டியில் எழுதியிருக்கும். நாலடி எல்.ஈ.டி டியூப் 20 வொட் என்றால் ஏறத்தாழ 2000 லுமென் தர வேண்டும். லுமென் எழுதாத பெட்டியை வாங்காதீர்கள். எழுதாததற்குக் காரணம் இருக்கும்.

அடுத்தது லக்ஸ். ஒரு சதுர மீற்றர் இடத்தில் எத்தனை லுமென் வந்து விழுகிறதோ அதுதான் லக்ஸ். ஐரோப்பாவில் வேலைத்தளங்களுக்கென்று இ.என். 12464-1 என்ற தரநிலை இருக்கிறது. மரவேலை மெசின் இருக்கும் இடத்துக்கு 500 லக்ஸ், மரத்தைப் பொருத்தி ஒட்டும் மேசைக்கு 300, பொலிஷ், பெயின்ட், நுணுக்க வேலைக்கு 750 என்று அது சொல்கிறது. நம்ம பட்டறையில் எவ்வளவு இருக்கிறது? வாருங்கள், கணக்குப் போடுவோம்.

12 அடிக்கு 20 அடி கராஜ் என்று வைப்போம். 240 சதுர அடி, அதாவது 22 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. அதில் 2000 லுமென் டியூப் ஒன்று. அதன் வெளிச்சத்தில் பாதியை இருண்ட சுவரும், கறுத்த கூரையும், தூசியும் குடித்துவிடும். மிச்சம் 1000 லுமென். 22ஆல் பிரித்தால் ஏறத்தாழ 45 லக்ஸ். தேவை 500, இருப்பது 45. பத்தில் ஒன்று கூட இல்லை. வகுப்பறையில் இந்தப் பத்திலொரு மடங்கு வெளிச்சத்தில் பிள்ளைகளைப் புத்தகம் வாசிக்கச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதே வீட்டுப் பிள்ளை அதே வெளிச்சத்தில் வாள் பிடிக்கிறான்.

இதே கராஜுக்கு 6 டியூப் போட்டால் பொதுவான வெளிச்சம் 270 லக்ஸ் வரும். மேசை வேலைக்கு ஏறத்தாழப் போதும். வாளுக்கு நேரே மட்டும் இன்னும் 2 டியூப்பை நாலடி உயரத்தில் தொங்கவிட்டால் அங்கே 500 தாண்டிவிடும். மொத்தம் 8 டியூப். "எட்டா? பில் என்னாகும்?" என்று கேட்பீர்கள். 8 டியூப் 160 வொட். இரவில் 4 மணித்தியாலம் வீதம் 30 நாள் எரித்தால் 19 யூனிட் அளவில் வரும். சோக் வைத்த பழைய 36 வொட் டியூப், சோக்கையும் சேர்த்தால் ஒன்று 45 வொட் அளவில் இழுக்கும். அந்த டியூப் 8 போட்டிருந்தால் 43 யூனிட். இதையும் யோசியுங்கள்: 2 குதிரைவலு வாள் மோட்டார் முழுச் சுமையில் இழுக்கும் கரண்டில் பத்தில் ஒரு பங்கைக் கூட இந்த எட்டு லைட்டும் இழுக்காது. வாளுக்குப் பத்து ரூபா கொடுக்கத் தயாராக இருப்பவர், வாளைப் பார்ப்பதற்கு ஒரு ரூபா கொடுக்க யோசிக்கக் கூடாது.

லைட்டை விட மலிவான ஒரு வழியும் இருக்கிறது. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. பூசாத சீமெந்துச் சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் பெரும் பகுதியை விழுங்கும், வெள்ளைச் சுவர் பெரும் பகுதியைத் திருப்பித் தரும். கூரையின் உள்பக்கத்தையும் வெள்ளையாக்கினால் நிழல் மென்மையாகும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதும். டியூப்பில் உள்ள தூசியைக் கிழமைக்கு ஒரு தடவை துடைப்பது இலவசம். துடைக்க முன்பு சுவிட்சை நிறுத்துங்கள். முடிந்தால் தூசி உள்ளே போகாதபடி மூடிய லைட் வாங்குங்கள். பெட்டியில் ஐ.பி. 65 என்று போட்டிருக்கும். அந்த 6 என்ற இலக்கம்தான் தூசி புகாது என்பதற்கு அடையாளம். பழைய 500 வொட் ஹலஜன் லைட்டை மரத்தூளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது கொதிக்கும் சூட்டில் இருக்கும், தூள் பற்றக் கூடியது.

இப்போது மிக முக்கியமான விசயம். சுற்றும் வாள் நிற்பது போலத் தெரியும் ஆபத்து.

நம்ம நாட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 சுழற்சி. அதனால் சோக் வைத்த பழைய டியூப்பும், மலிவான எல்.ஈ.டி லைட்டும் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது, தொடர்ந்து எரிவது போல இருக்கும். மோட்டாரில் நேரடியாகப் பூட்டிய, 40 பல்லுள்ள பிளேட்டை எடுங்கள். நிமிடத்துக்கு 2850 சுற்று என்றால் செக்கனுக்கு 47.5 சுற்று. அதை 40ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 1900 பல் ஓர் இடத்தைக் கடக்கிறது. லைட் 100 தடவை பிரகாசிக்கிறது. ஆகவே ஒரு பிரகாசத்துக்கும் அடுத்த பிரகாசத்துக்கும் இடையில் சரியாக 19 பல் கடந்துவிடும். ஒவ்வொரு முறை வெளிச்சம் வரும்போதும் பழைய பல் இருந்த அதே இடத்தில் இன்னொரு பல் நிற்கும். கண் என்ன சொல்லும்? வாள் நிற்கிறது என்று சொல்லும். வேகம் கொஞ்சம் கூடிக் குறைந்தால் மெதுவாக ஊர்வது போலவோ, பின்பக்கம் சுற்றுவது போலவோ தெரியும். பக்கத்தில் இன்னும் இரண்டு மெசின் இரைந்துகொண்டிருந்தால் காதும் உதவாது. பெரிய தொழிற்சாலைகளில் அந்தக் காலத்தில் டியூப்களை மூன்று பேஸிலும் பிரித்துப் பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பிரகாசிக்கும்.

நல்ல எல்.ஈ.டியில் இந்தப் பிரச்சினை இல்லை. உள்ளே இருக்கும் டிரைவர் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும். எது நல்லது என்று கடையிலேயே பார்க்கலாம். லைட்டைப் போடச் சொல்லி போன் கமராவை அதற்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டிகள் ஓடினால் அந்த லைட் துடிக்கிறது. போன் இல்லாவிட்டால் ஒரு பென்சிலை லைட்டுக்குக் கீழே வேகமாக விசிறுங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக வெட்டி வெட்டித் தெரிந்தால் அந்த லைட் வாளுக்கு மேலே வேண்டாம், கிணற்றடிக்குப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்துகாட்டினேன். அடுத்த நாள் பாதி வகுப்பு வீட்டு லைட் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு வந்தது. பிள்ளைகளுக்கு விளங்குவது பெரியவர்களுக்கும் விளங்கும்.

இதே வகையில் இன்னொன்று. சீலிங் ஃபேனுக்கு மேலே லைட் பூட்டாதீர்கள். ஃபேன் இலை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும். எவ்வளவு நல்ல லைட் வாங்கினாலும் வீண்.

அடுத்தது பூட்டும் இடம். லைட்டை முதுகுக்குப் பின்னால் வைத்தால் நம்ம தலையின் நிழல் சரியாக வாள் மேல் விழும். வாளின் இரண்டு பக்கமும் கொஞ்சம் முன்னால் தள்ளி ஒவ்வொரு டியூப் வந்தால் ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். வலக்கைக்காரருக்கு மேசை லைட் இடது முன்பக்கம் இருக்கட்டும். உயரத்தையும் குறையுங்கள். ஒரு பல்ப்பை 10 அடியில் இருந்து 5 அடிக்கு இறக்கினால் நேர் கீழே நாலு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் பலகையைத் திருப்பும்போது இடிக்காத உயரம் பார்த்து இறக்குங்கள். மண்கடதாசி போட்டுத் தேய்க்கும் இடத்தில் ஒரு சின்ன லைட்டைப் பலகை மட்டத்துக்கு, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் கண்ணாடி போல இருக்கும் பலகையில் உள்ள கீறல் எல்லாம் அப்போதுதான் வெளியில் வரும். பொலிஷ் அடித்த பிறகு வீட்டுக்காரர் கண்டு சொல்வதை விட அடிக்க முன்பே நாம் காண்பது நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சண்டை அதிகம் வருவது அதில்தான். "பட்டறையில பார்த்த நிறம் வேற, வீட்ட வந்த நிறம் வேற" என்று வாடிக்கையாளர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, ஓடாவியும் ஏமாற்றவில்லை. லைட்தான் மாறியிருக்கிறது. பெட்டியில் 6500 என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை. 3000 என்றால் மஞ்சள். 4000 இரண்டுக்கும் நடுவில். அறுக்கவும் சீவவும் எதுவும் பரவாயில்லை. தேக்குக்கும் மஹோகனிக்கும் பொலிஷ் நிறம் பார்க்கும்போது 4000 நல்லது. இன்னொரு எழுத்தும் பாருங்கள்: சி.ஆர்.ஐ. ஒரு பொருளின் நிறத்தை அந்த லைட் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு எத்தனை புள்ளி என்று அது சொல்கிறது. பொது வேலைக்கு 80, பொலிஷ் அடிக்கும் இடத்துக்கு 90 அல்லது அதற்கு மேல். கடைசியாகச் சாமானைக் கொடுக்க முன்பு பகல் வெளிச்சத்தில் ஒரு தடவையும், வீட்டு ஹோலில் எரிவது போன்ற மஞ்சள் பல்ப்பில் ஒரு தடவையும் வாடிக்கையாளருக்குக் காட்டிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

வயரிங். வாளும் லைட்டும் ஒரே பிரேக்கரில் இருக்கக் கூடாது. மரம் இறுகி வாள் திணறும்போது பிரேக்கர் விழும். அந்த நேரத்தில் லைட்டும் சேர்ந்து போனால் கும்மிருட்டில், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வாளுக்குப் பக்கத்தில் கை இருக்கும். கரண்ட் கட்டிலும் இதே கதைதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த சார்ஜ் பல்ப், கரண்ட் போனதும் தானாகவே எரியுமே, அதில் ஒன்றை வாளுக்கு மேலே நிரந்தரமாகப் பூட்டுங்கள். கை எடுக்கும் நேரத்துக்கு அது போதும். கரண்ட் போனதும் செய்யும் முதல் வேலை வாள் சுவிட்சை நிறுத்துவது. இல்லாவிட்டால் கரண்ட் வரும்போது வாள் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போனால் தானாக விழுந்து, நாம் அழுத்தினால் மட்டும் மறுபடி ஓடும் சுவிட்சும் இருக்கிறது. புதிதாக மெசின் வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய டியூப் பெட்டிக்குள் எல்.ஈ.டி டியூப்பைப் போடுபவர்கள் கவனம். சில டியூப்புக்கு ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுக்க வேண்டும், சிலதுக்கு இரண்டு முனையிலும். சிலதுக்குச் சோக்கைக் கழற்ற வேண்டும், சிலதுக்கு அதோடு வந்த ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். டியூப்போடு வரும் படத்தைப் பார்த்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள பரிசோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

இதெல்லாம் பட்டறைக்காரருக்கு. இனி மற்றவர்களுக்கு.

பெற்றோர்களே, பிள்ளையைப் பட்டறையில் சேர்க்கும்போது சம்பளம் கேட்கிறோம், சாப்பாடு கேட்கிறோம். பகலில் போய்ப் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். ஒரு தடவை இரவில் போய்ப் பாருங்கள். பிள்ளை நிற்கும் இடத்தில் நின்று ஒரு பத்திரிகையை விரியுங்கள். கண்ணைச் சுருக்காமல் சின்ன எழுத்து வாசிக்க முடியாவிட்டால், அந்த இடத்தில் வாள் ஓட விடக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தொழில் பழகட்டும், நல்லது. நான் படிப்பித்த பிள்ளைகளில் நல்ல ஓடாவிகளாக வந்தவர்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் பத்து விரலோடு பழகட்டும்.

வெளிநாட்டில் இருந்து தம்பிக்கோ மச்சானுக்கோ மெசின் அனுப்பும் சகோதரர்களே, அதே பெட்டிக்குள் நாலு நல்ல லைட்டுக்கும் இடம் வையுங்கள். சக்காத் பணத்திலும் சங்கப் பணத்திலும் வாழ்வாதார உதவி கொடுக்கும் பெரியவர்களே, வாளைக் கொடுத்துப் படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. வாள், அதற்குரிய காவல், அதற்கு மேலே இரண்டு லைட், கரண்ட் போனால் எரியும் ஒரு பல்ப். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஓர் உதவி. லைட் இல்லாமல் கொடுக்கும் வாள் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடலாம், அதே குடும்பத்தை ஆசுபத்திரிக்கும் அனுப்பலாம். மொத்தச் செலவில் லைட்டின் பங்கு மிகச் சிறியது. பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. பணம் இல்லாதவர் இந்த வரிசையில் போகலாம்: முதலில் தூசியைத் துடையுங்கள். அடுத்து சுவருக்குச் சுண்ணாம்பு. அடுத்து வாளுக்கு மேலே துடிக்காத லைட் இரண்டு, சார்ஜ் பல்ப் ஒன்று. மிச்சத்தை அடுத்த ஓடர் முடிந்த பிறகு பார்க்கலாம். அது வரைக்கும் ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: அறுக்கும் வேலை எல்லாம் பகலில், இரவில் ஒட்டுவதும் தேய்ப்பதும் மட்டும்.

இன்றைக்கு இரவு உங்கள் பட்டறை லைட்டுக்கு நேரே போன் கமராவைப் பிடித்துப் பாருங்கள். பட்டி ஓடியதா இல்லையா என்று கீழே எழுதுங்கள். எந்த மாதிரி லைட் என்பதையும் சொன்னால், மற்றவர்கள் வாங்கும்போது உதவியாக இருக்கும்.